காப்புக் கட்டுன கையும் கடவாப்பல்லும்

"வாயத் தொறங்கம்மா"ன்னு டாக்டரம்மா சொல்லுச்சு.

எங்க நாத்தனா பஞ்சவர்ணம் அந்தச் சாய்ஞ்ச நாக்காலியில முதுகு படாம, நட்டு வச்ச கம்பு கணக்கா உக்காந்திருக்கா. தலைக்கு மேல ஒரு வெளக்கு, அவ மூஞ்சிக்கு நேரா எரியுது. சோத்தாங்கைப் பக்கத்துக் கன்னம் வீங்கி, தாடைக்குக் கீழ எறங்கி, தாடை எது கழுத்து எதுன்னு தெரியல. ஒதடு மட்டும் லேசா விரியுது. பல்லு விரிய மாட்டேங்குது.

"இன்னும் கொஞ்சம் தொறங்க."

"ம்ம்."

"அவ்வளவுதான் வருதா?"

"ம்ம்ம்."

நான் ஓரமா ஒரு ஸ்டூல்ல உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கேன். நான் வாக்கப்பட்டு வந்ததுலருந்து அந்த வாயி மூடி நான் பாத்ததில்ல. தூக்கத்துலகூட யாரையாச்சும் வஞ்சுக்கிட்டு இருப்பா. அத மூட வைக்க எங்க மாமியா பாத்தாக, அவ அண்ணன், அதான் எங்க வீட்டுக்காரவுக பாத்தாக, அவளக் கட்டுன புண்ணியவான் போய்ச் சேருற வரைக்கும் பாத்தாரு. ஒருத்தராலயும் ஆகல. ஒத்தக் கடவாப்பல்லு முடிச்சுப்புடுச்சு.

நெனச்சத மனசுக்குள்ள வச்சுக்கிற பழக்கம் எனக்கில்ல. அப்புடியே டாக்டரம்மாகிட்டச் சொன்னேன். அந்தப் பிள்ள சிரிக்கல. பஞ்சு என்னைத் திரும்பிப் பாத்தா. பதில் சொல்ல வழியில்லாம ஒரு மனுசி பாக்குற பார்வை இருக்கே, கொள்ளிக்கட்டைதான்.

எனக்கும் சிரிப்பு வரலைங்க. பயத்துலதான் பேசிக்கிட்டு இருந்தேன். நமக்குப் பயம் வந்தா வாயி ஓடும். சில பேருக்கு வயிறு ஓடுற மாதிரி.

சோடா மூடி

பஞ்சு பல்லப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லணும். சும்மாப் பல்லு இல்ல அது.

எனக்குக் கல்யாணமான அன்னைக்கி பந்தலுக்குப் பொட்டி பொட்டியாக் கலரு வந்து எறங்கிருச்சு. அப்பல்லாம் கண்ணாடிப் பாட்டிலு, தகர மூடி. மூடியத் தொறக்குற சாமான எவனோ கொண்டுக்கிட்டுப் போயிட்டான். சம்மந்தக்காரவுக நாக்கு வறண்டு உக்காந்திருக்காக. எங்க அப்பாரு வேற, என்ன வீடுய்யா இதுன்னு முனங்க ஆரம்பிச்சுட்டாரு. பாவாட தாவணியோட ஒரு குட்டி வந்துச்சு. பாட்டில எடுத்துக் கடவாயில வச்சு ஒரு நெம்பு. மூடி டப்புன்னு போச்சு. அடுத்தது. அதுக்கடுத்தது. பந்தல் முழுக்க அவ தொறந்து குடுத்த கலரத்தான் குடிச்சுச்சு.

எங்க அப்பாரு என் காதுல சொன்னாரு, "ஆத்தா, ஒன் நாத்தனாகிட்ட மட்டும் கொஞ்சம் தள்ளியே இரு."

அந்தப் பல்லுலதான் கரும்ப உரிப்பா. சணல் கயித்த அறுப்பா. கானாடுகாத்தான்ல ஒரு பெரிய வீட்ட ஓட்டலாக்கி வச்சிருக்காகள்ல, அங்க கொஞ்ச காலம் மசாலா அரைக்கப் போனா. வெள்ளக்காரவுக வந்து இவ அரைக்கிறதப் படம் பிடிப்பாகளாம், சிரிக்கச் சொல்லுவாகளாம். ஊருக்கு வந்து, "எம் பல்லு சீமைக்கெல்லாம் போயிருக்கு மதினி, ஒங்க பல்லு கோட்டையூரத் தாண்டியிருக்கா"ன்னு கேப்பா.

அம்புட்டுப் பெருமைப்பட்ட பல்லு எதுல போச்சு தெரியுமா? வறுத்த புளியங்கொட்டையில. சாயங்காலம் சும்மா உக்காந்து கொறிக்கிறது, எங்க பக்கத்துப் பழக்கம். கடக்குன்னு ஒரு சத்தம். கொட்டைதான் ஒடைஞ்சிருச்சுன்னு நெனச்சு மென்னு முழுங்கிப்புட்டா. பல்லுல பாதிய முழுங்கியிருக்கா.

பூச்சி விழுந்த கதை

ஒடைஞ்ச பல்லு மொதல்ல பச்சத் தண்ணிக்குக் கூசுச்சு. பொறகு காப்பிக்குக் கூசுச்சு. பொறகு ஒண்ணுமே குடிக்காம சும்மாப் படுத்தாலே விண்ணு விண்ணுன்னு தெறிச்சுச்சு. கிராம்ப வச்சா, பொகையிலைய வச்சா. காரைக்குடிக்குப் போயிட்டு வருவோம்டின்னு நான் சொன்னேன். "பல்லப் புடுங்குனா கண்ணு போயிரும்"னா. யாரு சொன்னதுன்னேன். எல்லாருந்தான்னா. எல்லாருக்கும் கண்ணு இருக்கே, பல்லத்தானே காணோம்னு நான் சொன்னதுக்கு ரெண்டு நாளு என்கூடப் பேசல.

பொறகு பொகை போடுறேன்னு கெளம்பிட்டா.

டவுனுக்காரவுகளுக்குத் தெரியாது, சொல்றேன். கண்டங்கத்திரிப் பழம் இருக்குல்ல, அந்த வெதையக் காய வச்சு, பழுக்கக் காஞ்ச இரும்புல போட்டா பொகை வரும். அதைப் பப்பாளிக் குழல் வழியா வாய்க்குள்ள இழுத்து, பல்லுல பட விட்டு, தண்ணிச் சட்டியில துப்பணும். பல்லுல இருக்குற பூச்சி செத்துத் தண்ணியில மெதக்கும்.

மெதந்துச்சுங்க. வெள்ள வெள்ளையா, சுருண்டு, பூச்சி மாதிரியேதான். தெருவே வந்து பாத்துச்சு. இம்புட்டுப் பூச்சியையா வாயில வச்சுக்கிட்டுப் பொங்கித் தின்னான்னு ஒருத்தி மூக்கப் பொத்துனா. நான் சட்டிக்குள்ள குனிஞ்சு, ஏண்டி பஞ்சு, இதுகளுக்குக் கண்ணு மூக்கு ஒண்ணையும் காணோமேன்னேன். "வெந்து போச்சு மதினி"ன்னா.

இதுல என்ன கூத்துன்னா, அடுத்தாப்புல ரெண்டு மூணு நாள்ல வலி சுத்தமா நின்னுருச்சு. பஞ்சுக்குத் தலகால் புரியல. டாக்டருக்குப் படிக்கிறவுக எல்லாம் தண்டம்னு ஊரு பூராச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா.

காரைக்குடி டாக்டரம்மா பொறகு எனக்கு வெளங்க வச்சுச்சு. மெதந்தது பூச்சியே இல்லையாம், வெதைக்குள்ள இருக்குற முளையாம். சூட்டுல தெறிச்சு வெளிய வருமாம். வலி நின்னது பொகையினால இல்ல, பல்லுக்குள்ள இருக்குற நரம்பு செத்துப் போச்சாம். "வலி நின்னா நல்லாயிருச்சுன்னு அர்த்தம் இல்லம்மா. அழுகறது உள்ள எறங்கிடுச்சுன்னும் அர்த்தம் இருக்கு"ன்னுச்சு.

மஞ்சக் கயிறு

வலி நின்ன நேரம், ஊருல பங்குனித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுனாக.

பஞ்சுக்கு ஒரே மக, மீனா. கோயமுத்தூர்ல கட்டிக் குடுத்திருக்கு. கல்யாணமாகிப் பல வருசம் வயித்துல ஒண்ணும் தங்கல. தங்குனதும் ரெண்டு தடவ கலைஞ்சு போச்சு. இந்தத் தடவதான் மாசம் நெறைஞ்சிருக்கு. பிள்ள நல்லபடியாப் பொறக்கணும், நான் முளைப்பாரி எடுக்குறேன்னு ஆத்தாகிட்ட நேந்துக்கிட்டா பஞ்சு. மஞ்சக் கெழங்கு கோத்த கயித்தப் பூசாரி அவ கையில கட்டுனாரு. ஓட்டுச் சட்டியில எருவத் தூவி, தட்டாம்பயறும் மொச்சையும் ஊற வச்சுப் போட்டு, இருட்டு ரூம்புல வச்சுப் பூட்டுனா.

காப்புக் கட்டுனவுக கவிச்சி தொடக்கூடாது. ஒரு வேளைச் சோறுதான். தெனம் குளிச்சுட்டு ஈரத்தோட பாரிக்குத் தண்ணி தெளிக்கணும். எல்லாத்துக்கும் மேல, பகல்ல எங்க போனாலும் பொழுதடையறதுக்குள்ள ஊருக்குள்ள வந்துறணும். வெளியூர்ல ராத் தங்குனா காப்பு முறிஞ்சு போகும். பாரி வாடிப் போகும். பாரி வாடுனா நேந்துக்கிட்ட காரியம் என்னாகும்னு சொல்ல வேண்டியதில்ல.

பஞ்சுக்குச் சக்கரை வேற இருக்கு. ஒரு வேளைதானே திங்கிறோம், மாத்திரை எதுக்குன்னு அதையும் நிறுத்திப்புட்டா. எங்ககிட்டச் சொல்லல.

அப்பறந்தான் கன்னம் வீங்குச்சு. முந்தானைய இழுத்து மூடிக்கிட்டா. கல்லுப்ப வறுத்துத் துணியில கட்டிச் சுடச்சுட ஒத்தடம் குடுத்திருக்கா. வெளியில குடுத்த சூடு வீக்கத்த இன்னும் எளக்கிப் பரப்பிவிட்டுருச்சு.

எனக்கு எப்புடித் தெரிஞ்சுச்சுன்னு கேட்டா, சத்தம் வரலைங்க. அதான் துப்பு. எங்க வீட்டுக்கும் அவ வீட்டுக்கும் நடுவுல ஒரு சொவருதான். காலம்பற எந்திரிச்சா கோழிய வைவா, கொழாத் தண்ணிய வைவா, அது முடிஞ்சா என்னைய வைவா. அன்னைக்கி ஒண்ணையும் காணோம். மொதநா கும்மியிலயும் பாட்டெடுத்துக் குடுக்குறவ வெறுமனே கையத் தட்டிக்கிட்டுச் சுத்துனா.

போயிப் பாத்தா, சொவத்துல சாஞ்சு உக்காந்திருக்கா. மடியில ஒரு துண்டு, அது பூரா எச்சி. முழுங்க முடியாம வடிய விட்டுருக்கா. நெத்தியத் தொட்டா அனலு. படுக்கலையாடின்னேன். தலைய ஆட்டுனா. படுத்தா மூச்சு முட்டுதாம், ராத்திரி பூரா உக்காந்தேதான் இருந்திருக்கா. குடிக்கப் போட்ட கஞ்சி ஆறி ஆடை கட்டிக் கெடக்கு.

எந்திரி, பகல்ல போயிட்டுப் பகல்ல வந்துரலாம், பல்ல மட்டும் புடுங்கிட்டுக் கூட்டியாந்துர்றேன்னு சொன்னேன். அப்புடித்தான் டவுன் பஸ்சுல ஏத்துனேன். கோட்டையூரு தாண்டுறப்ப பஸ்சு பள்ளத்துல விட்டு ஏத்துச்சு. பஞ்சு என் தொடையப் பிடிச்சா பாருங்க, இப்பவும் தடம் இருக்கும்.

மூணு வெரலு

பழைய பஸ் ஸ்டாண்டுக்கிட்ட, பாத்திரக்கடை மாடியில அந்தப் பல்லாஸ்பத்திரி. டாக்டரம்மா சின்னப் பிள்ள. எங்க பேத்தியவிட ரெண்டு வயசு கூட இருக்கலாம். எனக்கு நம்பிக்கையே இல்ல. பல்லுப் புடுங்குற கொறட்ட எடுப்பா, இழுப்பா, பஞ்ச வச்சு அனுப்புவான்னு பாத்தா, கொறட்டத் தொடவே இல்ல.

மூணு வெரலச் சேத்துக் காட்டி, இது வாய்க்குள்ள போகுற அளவுக்குத் தொறக்கணும்னுச்சு. ஒரு வெரலே போகல. எச்சிய முழுங்கச் சொல்லுச்சு. பஞ்சு கண்ண மூடிக்கிட்டு முயற்சி பண்ணுனா, கழுத்து நரம்பெல்லாம் பொடைச்சுக்கிச்சு. நாக்க மேல தூக்கச் சொல்லுச்சு. அதுவும் ஆகல. தாடைக்கு அடியில ரெண்டு பக்கமும் அமுக்கிப் பாத்துச்சு. நான் எட்டித் தொட்டேன். மரப்பலக தோத்துச்சு.

நாக்காலியச் சாச்சா மூச்சு எப்புடி இருக்குன்னு பாக்கலாம்னு லேசாத்தான் சாச்சுச்சு. பஞ்சு ரெண்டு கையையும் வீசி எந்திரிச்சுட்டா. ஒடனே நிமித்திருச்சு. வெரல்ல குத்தி ரத்தத்துல சக்கரையப் பாத்துச்சு. மிசின்ல வந்த நம்பரப் பாத்ததும் அந்தப் பிள்ள மூஞ்சி மாறிப் போச்சு.

என்னைய வெளிய கூப்பிடும்னு நெனச்சேன். கூப்பிடல. பஞ்சுக்கு முன்னாடி, அவ மூஞ்சியப் பாத்தே சொல்லுச்சு.

"அம்மா, இது இங்க பல்லப் புடுங்கிட்டு வீட்டுக்குப் போற விசயம் இல்ல. சீழு நாக்குக்கு அடியில எறங்கி கழுத்துக்கு வந்துருச்சு. இன்னும் வீங்குனா மூச்சுக் கொழாய அமுக்கிரும். இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். அங்க மருந்து ஏத்தி, சீழ எடுத்துவிட்டு, பொறகு பல்ல எடுப்பாங்க. சில நாள் தங்கணும்."

தங்கணும்கிற வார்த்தைதான் பஞ்சு காதுல விழுந்துச்சு.

கைய நீட்டிக் கயித்தக் காட்டுனா. பொறகு வயித்தத் தடவிக் காட்டுனா, மீனா வயிறு. பொறகு செருப்பத் தேடுனா.

டாக்டரம்மாவுக்கு ஒண்ணும் புரியல. நான் எல்லாத்தையும் சொன்னேன். அது முழுசாக் கேட்டுச்சு. சாமியெல்லாம் மூடநம்பிக்கைன்னு ஒரு வார்த்தை பேசல. "நான் மறிக்கலம்மா. ஆனா வீட்டுக்குப் போனா ராத்திரி மூச்சு நின்னுறலாம். நிக்கிறதுக்கு முன்னாடி சொல்லிட்டு நிக்காது"ன்னு மட்டும் சொல்லுச்சு. சொல்லிட்டு ஆம்புலன்சுக்குப் போனு போட்டுருச்சு.

பஞ்சு வாசல்ல நிக்கிறா. ஒரு கையால நெலையப் பிடிச்சிருக்கா. அவளுக்கும் பயந்தான். ஆனா தன் மூச்சவிட இன்னும் பொறக்காத பிள்ள மூச்சப் பத்தித்தான் அவளுக்குப் பயம். இதுல நான் என்ன கேலி பண்ணுறது?

பூசாரிக்கு ஒரு போனு

கடைசியாப் பூசாரிக்குப் போன் போட்டேன். அவரு பேரப்பிள்ள எடுத்து, தாத்தா கோயில்ல இருக்காருன்னுச்சு. கோயிலுக்கே ஓடிப் போயிக் குடுக்கச் சொன்னேன்.

விசயத்தச் சொன்னதும் பூசாரி மொதல்ல, காப்பு அவுக்குற நாளு இன்னும் வரலையேன்னாரு. அது எனக்குந் தெரியும்யா, மூச்சுப் போனா அவுக்க கையே இருக்காது, அதுக்கு வழியச் சொல்லுன்னேன். கோயில் மணிச் சத்தந்தான் கேட்டுச்சு.

அப்பறம் சொன்னாரு. பாரி அனாதையா நிக்கக் கூடாது, அதான் சட்டமாம். அந்தக் குடும்பத்துப் பொம்பள வேற ஒருத்தி அந்தக் காப்ப வாங்கிக் கட்டிக்கிட்டா, பாரிக்கு ஆளு இருக்கு. அவ ஊர்ல தங்குனாப் போதும். முந்தியும் நடந்திருக்காம். ஆனா ஒண்ணு, எடுத்துக் கட்டக்கூடாது. கட்டியிருக்குறவளே மனசு வச்சு, தன் கையால அவுத்து அடுத்தவ கையில கட்டணும்.

போன ஸ்பீக்கர்ல போட்டு ரெண்டாந்தரம் சொல்ல வச்சேன். பஞ்சு கேட்டுக்கிட்டா.

குடும்பத்துப் பொம்பளைன்னா யாரு இருக்கா? மீனா பிள்ளத்தாச்சி. எங்க மருமகளும் பேத்தியும் வெளிநாட்டுல. மிச்சம் நாந்தான்.

பஞ்சு என்னைய மேலருந்து கீழ வரைக்கும் பாத்தா. சம்மந்தம் பேச வந்தவுககூட என்னைய அப்புடிப் பாக்கல. பொறகு ஒரு கையத் தூக்கி, வெரல ஒண்ணாச் சேத்து, இப்புடியும் அப்புடியும் நெளிச்சா.

டாக்டரம்மா என்னாச்சும்மா, கை இழுக்குதான்னு பதறிப் போச்சு.

"இழுக்கலம்மா. மீனு"ன்னேன். "மீனு திங்காம என்னால இருக்க முடியாதாம். அதக் கேக்குறா."

நெசந்தானே. கருவாடு இல்லாத வீட்டுல நான் ஒரு நாளும் சோறு தின்னதில்ல. அவ நேந்துக்கிட்டு வெரதம் இருந்தப்பெல்லாம், வேணும்னே சொவத்துக்கு இங்குட்டு நெத்திலிய வறுத்து வாசத்த அங்குட்டு அனுப்புனவதான் நான். அந்த என்கிட்டத்தான் தன் மக வயித்த அவ குடுக்கணும்.

"பஞ்சு, திங்க மாட்டேன்"னேன். "மீனா எனக்கும் மகதான்டி."

ஒரு கேலிகூட வரல. அதப் பாத்துத்தான் அவ நம்புனான்னு நெனைக்கிறேன்.

கயித்த அவுக்கத் தொடங்குனா. மஞ்சத் தண்ணியும் வேர்வையும் பட்டு முடிச்சு எறுகிக் கெடந்துச்சு. எப்பவும் பல்லால கடிச்சு அவுக்குற கை, தன்னால வாய்க்குப் போச்சு. வாயி தொறக்கல. அப்பத்தான் பஞ்சு கண்ணு கலங்குச்சு. டாக்டரம்மா கத்திரி வேணுமான்னுச்சு. அறுக்கக் கூடாதுன்னேன். ஒடனே தட்டுல இருந்து மெல்லிசா, வளைஞ்ச ஊசி மாதிரி ஒண்ண எடுத்துச்சு, பல்லு இடுக்குல சொரண்டுறது. அதை முடிச்சுக்குள்ள விட்டு நெகிழ்த்திக் குடுத்துச்சு. மிச்சத்தப் பஞ்சே அவுத்தா. என் கையில கட்டுனா. இறுக்கித்தான் கட்டுனா, ரத்தம் ஓடாத மாதிரி.

கீழ ஆம்புலன்சு வந்துருச்சு. நான் போன் பண்ணி வரச் சொன்ன எங்க வீட்டுக்காரவுகளும் வந்து சேந்துட்டாக. அண்ணன் தங்கச்சிகூட ஏறுனாக. நான் ஏற முடியாது, பொழுதடையறதுக்குள்ள ஊருக்குப் போகணும். அவ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். பஸ்சுல உக்காந்து அந்தக் கயித்தத்தான் பாத்துக்கிட்டே வந்தேன்.

கவிச்சி இல்லாத வீடு

அந்தக் கொஞ்ச நாளும் நான் இருந்த இருப்பு இருக்கே, எனக்கே என்னைய அடையாளம் தெரியல.

விடியுமுன்ன குளிச்சேன். ஈரத்தோட அவ வீட்டுக்குப் போயி இருட்டு ரூம்புல பாரிக்குத் தண்ணி தெளிச்சேன். வெயிலே படாம வளர்ற பயிருல்ல, வெளிறிப் போயி, மஞ்சளா, நெருக்கமா, குருத்து வாசத்தோட நிக்கும். வாசல்ல நின்னு பேசுனா பாரிக்கு ஆகாதுன்னு சொல்லுவாக. நான் பேசாம நின்னேன். தெருவுல ரெண்டு மூணு பேரு, பஞ்சு வாயி தொத்திக்கிச்சான்னு வந்து பாத்துட்டுப் போனாக.

அங்க ஆஸ்பத்திரியில அன்னைக்கே மருந்து ஏத்தி, தாடைக்கு அடியில கீறிவிட்டு, சின்னக் கொழா வச்சுச் சீழ எடுத்தாக. சக்கரைய எறக்குனாக. பொறகு பல்லையும் எடுத்துட்டாக. அன்னைக்கி வந்ததுனாலதான் ஆச்சுன்னு அங்கயும் சொன்னாகளாம்.

எங்க வீட்டுக்காரவுக தெனம் போன் பண்ணுவாக. பஞ்சுக்குப் பேச வராது. அவ கையக் காட்டுவா, அதப் பாத்து அண்ணன் சொல்லணும். அவுக கலியாணமான நாள்லருந்து என்கிட்டப் பேசுன மொத்தப் பேச்சும் அந்த வாரத்துல பேசுனதுக்குக் காணாது.

"குளிச்சியான்னு கேக்குறா."

"குளிச்சேன்."

"தலைக்கான்னு கேக்குறா."

"தலைக்குத்தான்."

"இரு... என்னத்தையோ நெளிக்கிறா. பாம்பா?"

"பாம்பு இல்ல, மீனு. திங்கலன்னு சொல்லுங்க."

திருவிழா அன்னைக்கி பாரிய நான் தலையில தூக்குனேன். கோயிலச் சுத்தி, ஊருணியில கொண்டுபோயிக் கரைச்சோம். என் கையிலருந்து காப்பப் பூசாரி அவுத்துவிட்டாரு. நேரா வீட்டுக்கு வந்து நெத்திலிய வறுத்தேன். ஒரு வாயி வச்சேன், எறங்கல. மீனாகிட்டருந்து போன் வந்த பொறகுதான் மிச்சத்தத் தின்னேன். பொம்பளப் பிள்ள. நல்ல எடை. தாயும் பிள்ளையும் சொகம்.

பஞ்சு, தாடையில கட்டோட ஊருக்கு வந்தா. வாயி பாதிக்கு மேல தொறக்க ஆரம்பிச்சிருந்துச்சு. நான் கலங்கிப் போயி வாசல்ல நிக்கிறேன். அவ ஆட்டோவுல இருந்து எறங்குனதும், பாரி எடுத்த படத்தப் போனுல காட்டச் சொல்லிச் சைகை பண்ணுனா. காட்டுனேன். கண்ணச் சுருக்கிப் பாத்தா. அம்புட்டு நாளைக்கப்பறம் அவ என்கிட்டப் பேசுன மொத முழு வார்த்தை என்ன தெரியுமா?

"தண்ணியக் கூட ஊத்திப்புட்டீக மதினி. ஒரு பக்கம் சாஞ்சு கெடக்கு."

வாயக் காட்டு

இந்த வருசம் பங்குனியில ஊரு ஒரு புதுச் சட்டத்தப் பாத்துச்சு. காப்புக் கட்ட வரிசையில நின்ன பொம்பளைகளுக்கு முன்னாடி பஞ்சு ஒரு ஸ்டூலப் போட்டு உக்காந்துக்கிட்டா. கையில டார்ச்சு. வாயக் காட்டுன பொறகுதான் பூசாரிகிட்டப் போகணும். யாருக்காச்சும் வீக்கமிருக்கா, காச்சலிருக்கா, முழுங்க முடியுதா, வாயி முழுசாத் தொறக்குதா. சக்கரைக்காரவுக மாத்திரை முழுங்குறீகளா. வலி இருந்து தன்னால நின்னு போச்சுன்னு ஒருத்தி சொன்னா, அவள அப்புடியே காரைக்குடிக்கு அனுப்பிட்டா. மொதல்ல போயிட்டு வா, ஆத்தா எங்கயும் போயிற மாட்டா, காப்பு நாளைக்கிக் கட்டலாம்னுட்டா. பூசாரி ஏதோ சொல்ல வாயத் தொறந்தாரு. அவரு வாய்க்குள்ளயும் டார்ச்ச அடிச்சா.

நான் காப்புக் கட்ட நிக்கல. வேடிக்கை பாக்கத்தான் நின்னேன். எட்டி என் கையப் பிடிச்சு இழுத்தா.

எனக்கு மேல் வரிசையில ஒண்ணு ரொம்ப நாளாக் கறுத்துக் கெடந்துச்சு. அந்தப் பக்கம் மெல்லாம ஒப்பேத்திக்கிட்டு இருந்தேன். இத்தன பேச்சுப் பேசுன நானு, சொல்லவேயில்ல. பஞ்சு டார்ச்ச அணைச்சா. காலம்பற மொத பஸ்சு, ரெடியா நில்லுங்கன்னா.

அதே நாக்காலி. அதே வெளக்கு. நல்லவேளை, இன்னும் சீழு பிடிக்கல, உள்ள சுத்தம் பண்ணி அடைச்சுப்புடலாம்னு டாக்டரம்மா சொல்லுச்சு. ஊசி போட்டுச்சு. பாதி மூஞ்சி செத்துப் போச்சு. பஞ்சுருண்டையா வாய்க்குள்ள வச்சு அடைச்சு, அசையக்கூடாதுன்னுருச்சு.

ஓரத்து ஸ்டூல்ல பஞ்சு உக்காந்திருக்கா. இம்புட்டு வருசமா இதுக்குத்தான் காத்திருந்தவ மாதிரி ஸ்டூல என் பக்கம் இழுத்துப் போட்டுக்கிட்டா. ஆரம்பிச்சா. கல்யாணப் பந்தல்லருந்து ஆரம்பிச்சா. சொவத்துக்கு இங்குட்டிருந்து நெத்திலி வறுத்தது, சட்டிக்குள்ள பூச்சிக்குக் கண்ணு தேடுனது, எதையும் விடல. மிசினு கிர்ருன்னு ஓடுது, அதுக்கு மேல இவ. நான் ம்ம்ங்கிறேன், ம்ம்ம்ங்கிறேன். அதுக்கு மேல முடியல.

அப்பறம் என் காதுப் பக்கம் குனிஞ்சா. குரல எறக்கிச் சொன்னா.

"அந்த ஆம்புலன்சுல போறப்ப ஒண்ணே ஒண்ணுதான் நெனச்சேன் மதினி. நான் இல்லாட்டியும் எம் மகளுக்கு நீங்க இருக்கீகன்னு. அதுலதான் மூச்சு விட்டேன். இத நீங்க பேச முடியாத நேரமாப் பாத்துச் சொல்றேன். இல்லாட்டி ஏதாச்சும் கேலி பண்ணிக் கெடுத்துப்புடுவீக."

மிசினு நின்னுருச்சு. டாக்டரம்மா குனிஞ்சு என் மூஞ்சியப் பாத்துச்சு.

"என்னம்மா, கண்ணுல தண்ணி வருது? வலிக்குதா?"

ஆமான்னு தலைய ஆட்டுனேன்.